அதைப் போலத்தான் இருக்கிறது

காலி முகத்திடலுக்கு எதிரே புதிதாய்த் திறந்த ஹோட்டல்.
முதல் நாள், விடிய ஐந்தே கால்.
வரவேற்புக் கூடத்து வாசலில்
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து
அபாயாவை முழங்கால்வரை தூக்கிவிட்டேன்.

தரை அப்படி இருந்தது, பல்கீஸ்.
மேலே தொங்கிய விளக்குகள் அத்தனையும் அடியிலும் எரிந்தன.
என் முகமும் அடியில் கிடந்தது.

சூப்பர்வைசர் தரங்க சிரித்தார்.
லிஃப்ட் பொடியன் சிரித்தான்.
"தண்ணி இல்ல அக்கா, மாபிள்" என்றான்.
உனக்கும் சொல்லப்பட்டது:
இது கண்ணாடி பதித்து வழவழப்பாக்கிய மாளிகை என்று.
நபி சுலைமானின் குரல் வேறு மாதிரி இருந்திருக்கும்.
இவர்களுடையதை நான் கேட்டேன்.

ஓதுகிற பள்ளியில் அந்த இடம் வரும்போது
பெண்பிள்ளைகள் நாங்கள் பாவாடையை இழுத்துக்
கணுக்காலை மூடிக்கொள்வோம்.
உன் காலில் ரோமம் என்றும், கழுதைக் குளம்பு என்றும்
ஜின்கள் கிளப்பிய கதையை
யாரோ ஒருத்தி காதோடு சொல்லிவிட்டிருந்தாள்.
உன் நாட்டில் ஓர் அணை இருந்ததை
ஒருவரும் அதோடு சேர்த்துச் சொல்லவில்லை.
அணை உள்ள ஊர்க்காரி
தண்ணீரைக் கண்டால் முதலில் உடுப்பைத்தான் தூக்குவாள்.

ஜெசிந்தா கொட்டாஞ்சேனைக்காரி, எனக்கு ஒரே ஷிஃப்ட்.
அவளுடைய வேதத்தில் உனக்குப் பெயர் இல்லை,
இந்தத் தரையும் இல்லை.
ஒட்டகங்களில் கந்தவர்க்கம் ஏற்றி வந்தாயாம்,
ராசாவை விடுகதையால் சோதித்தாயாம்.
"என்ன விடுகதை?"
"அது எழுதல்ல" என்று பிளேன்டீயை ஊதினாள்.
நீ கேட்டதை விட்டுவிட்டு
நீ கொடுத்த பொன் எத்தனை தாலந்து என்று
எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

வெல்லம்பிட்டியில்
களனி கங்கை எங்கள் வீட்டுக்குள் வந்து போகும்.
வருஷம் தவறாமல் என்றால் பொய்.
ஒரு வருஷம் வரவில்லை,
அந்த வருஷம்தான் சுவருக்குப் பெயின்ட் அடித்தோம்.
போன மே மாதம் கழுத்தளவு.
பள்ளிவாசல் மாடியில் நாலு இரவு.
திரும்பி வந்தால் அல்மாரி இல்லை.
கண் இமைக்குமுன் யார் தூக்கிப் போனார்களோ,
மூன்றாம் ஒழுங்கையில் பௌமியா ராத்தாவின் மதிலோடு
சாய்ந்து கிடந்தது.
பொலிஷ் உரிந்து, ஒரு கதவு போய், வயிறு உப்பி.
கிராம சேவகர் படிவத்தோடு நின்றார்:
"இது உங்கட அல்மாரிதானா?"

உன் சிம்மாசனத்தையும் உருமாற்றி வைத்துவிட்டு
இப்படித்தானா இருக்கும் என்று கேட்டார்களே.
நீ ஆம் என்று சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.
எனக்கும் வேறு பதில் வரவில்லை.
"அதைப் போலத்தான் இருக்கிறது."
எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவதென்று தெரியாமல்
அவர் பேனையை உதறினார்.
உள்ளே
மகனின் பிறப்புச் சான்றிதழ் கஞ்சியாகியிருந்தது.

இப்போது எனக்கு இரவு ஷிஃப்ட்.
வாளி, மொப்பு, மஞ்சள் பலகை.
நான் துடைத்துக் காயும்வரை
இந்தத் தரை உண்மையாகவே தண்ணீர்தான்.
நேற்று மேல்மாடிக் கல்யாணத்திலிருந்து இறங்கிய பெண்கள்
சாரியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு
ஒவ்வோர் அடியாய்க் கடந்தார்கள்.
நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்தேன்.

மூன்று மணிக்கு, வாசல் காவலர் சுனிமலுக்கு
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரு விடுகதை போட்டேன்.
உன்னுடையது தொலைந்துபோனதால்
இது என்னுடையது:

இங்கே, தண்ணீர் இல்லாத குளம்.
அங்கே, குளம் இல்லாத தண்ணீர்.
ரெண்டையும் வழித்தெடுப்பது ஒரே ஆள். யார்?

தொப்பியைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார்.
கடல் பக்கம் பார்த்து நெடுநேரம் யோசித்தார்.
"மொப்பு" என்றார்.

தூணோடு சாய்ந்து சொட்டிக்கொண்டிருந்த அதை
ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.